நீர்மூழ்கிக் கப்பலில் இ-சிகரெட்: அமெரிக்கக் கடற்படையின் விதி என்ன?

அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பலில் இ-சிகரெட் பிடிக்கக் கூடாது என்பது பலருக்கும் தெரியும். ஆனால் விதி அதோடு நிற்கவில்லை. பிடிக்காவிட்டாலும் கையில் வைத்திருக்கக் கூடாது, பெட்டியில் போட்டுப் பூட்டி வைக்கக் கூடாது, சார்ஜ் போடவும் கூடாது. அந்தச் சாதனம் கப்பலுக்குள் இருப்பதே தவறு. "கரை இறங்கும்போது பிடித்துக்கொள்ளலாம், அதுவரை பைக்குள் கிடக்கட்டும்" என்று நினைப்பவர் பிடிக்காமலேயே விதியை மீறிவிடுகிறார்.

முதலில் தடை வந்தது சாதாரண சிகரெட்டுக்குத்தான். நீர்மூழ்கிப் படைக்குத் தலைவராக இருந்த வைஸ் அட்மிரல் ஜான் டோனலி 2010 ஏப்ரலில் அதை அறிவித்தார். அந்த ஆண்டு டிசம்பர் 31 முதல் மேல்தளத்துக்குக் கீழே யாரும் புகைக்கக் கூடாது என்றானது. அதற்கு முந்தைய ஆண்டு ஒன்பது கப்பல்களில் சோதனை செய்து பார்த்திருந்தார்கள். புகைக்கும் பழக்கமே இல்லாத மாலுமிகளும் சகாக்களின் புகையை அளவிடும் அளவுக்குச் சுவாசித்துக்கொண்டிருந்தது அதில் தெரிந்தது. கப்பலின் காற்றுச் சுத்திகரிப்பு எல்லாப் புகையையும் இழுத்துவிடும் என்ற பழைய நம்பிக்கை அத்தோடு போனது.

இ-சிகரெட் தடை 2017-ல் வந்தது. பசிபிக் கடற்படைப் பிரிவின் தலைமையும் அட்லாண்டிக் பக்கத்துக் கடற்படைத் தலைமையும் ஏப்ரல் 14 அன்று சேர்ந்து அறிவித்தன. மே 14 முதல் அமலானது. நீர்மூழ்கிகள் மட்டுமல்ல, கப்பல்கள், விமானங்கள், படகுகள், கனரக வாகனங்கள் எல்லாமே இதில் அடங்கும். முழு ஆய்வு முடிந்து இறுதி முடிவு எடுக்கும் வரை 'தற்காலிக நிறுத்தம்' என்றுதான் அறிவிப்பில் இருந்தது. ஆனால் முடிவுத் தேதி என்று எதையும் அதில் குறிப்பிடவில்லை. ஆகவே தற்காலிகம் என்ற சொல்லை நம்பி யாரும் சாதனத்தை எடுத்துப் போக வேண்டாம்.

இது யாருக்கெல்லாம் பொருந்தும்? மாலுமிகள், மரைன் வீரர்கள், கடற்படைக் கப்பல்களில் வேலை பார்க்கும் சிவிலியன்கள், வேலை நிமித்தமாகவோ பார்வையிடவோ வருபவர்கள் என எல்லோருக்கும். பழுதுபார்க்க வரும் ஒப்பந்தத் தொழிலாளி, "நான் படையில் இல்லையே" என்று சொல்லித் தப்ப முடியாது. கரையில் உள்ள தளத்தில் மட்டும் புகைக்க ஒதுக்கிய இடத்தில் பயன்படுத்த அனுமதி உண்டு.

சரி, இவ்வளவு கடுமை ஏன்? பெரிய காரணம் பேட்டரி. 2015 அக்டோபருக்குப் பிறகு சில மாதங்களுக்குள்ளேயே பத்துக்கும் மேற்பட்ட இ-சிகரெட் விபத்துகள் கடற்படையின் பாதுகாப்பு மையத்துக்குப் புகாராக வந்தன. பல பேருக்கு அது பேன்ட் பாக்கெட்டில் இருந்தபோதே பற்றியது. தொடையிலும் கையிலும் தீக்காயம். வாயில் வைத்திருந்தபோது வெடித்து முகமும் பல்லும் சேதமானவர்களும் உண்டு. செல்போனிலும் இதே லித்தியம் அயான் வகைதானே என்று கேட்கலாம். இ-சிகரெட்டில் அந்த பேட்டரி பெரும்பாலும் ஒரு ஒடுங்கிய குழாய்க்குள் அடைபட்டிருக்கும். உள்ளே அழுத்தம் கூடினால் குழாயின் முனைதான் முதலில் பிய்த்துக்கொள்ளும், மொத்தச் சாதனமும் ராக்கெட் மாதிரி ஒரு பக்கமாகப் பாயும். பேட்டரியைத் தனியாகக் கழற்றி சாவிக்கொத்தோடும் சில்லறையோடும் பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறவர்கள் இன்னும் பெரிய ஆபத்தை வைத்துக்கொண்டு நடக்கிறார்கள். உலோகம் இரு முனைகளையும் தொட்டால் ஷார்ட் சர்க்யூட் ஆகி பேட்டரி சூடேறிவிடும்.

லித்தியம் பேட்டரி ஒன்று கட்டுமீறிச் சூடேற ஆரம்பித்தால், காற்றைத் தடுத்துத் தீயை அணைக்கும் வழக்கமான வித்தை அங்கே பலிக்காது. வெப்பம் உள்ளிருந்தே பிறக்கிறது. நிறையத் தண்ணீர் ஊற்றி விடாமல் குளிர்விக்க வேண்டும். எரியும்போது ஹைட்ரஜன் புளோரைடு போன்ற நச்சு வாயுக்களும் வரும். வீட்டில் என்றால் கதவைத் திறந்து வெளியே ஓடலாம். கடலுக்கடியில் நூற்றுச் சொச்சம் பேர் இருக்கும் ஒரு குழாயில் எங்கே ஓடுவது? புகை சில நிமிடங்களில் பரவும். எல்லோரும் முகமூடி மாட்டி, அதன் குழாயைக் காற்றுக் குழாய் இணைப்பில் செருகிக்கொண்டு, ஓர் இணைப்பிலிருந்து கழற்றி அடுத்ததில் செருகி நகர வேண்டும். புகையை வெளியேற்றக் கப்பல் பெரிஸ்கோப் ஆழத்துக்கு, அதாவது பார்வைக் குழாய் நீருக்கு மேலே எட்டும் அளவுக்கு, மேலேற வேண்டி வரும். மறைந்திருப்பதே வேலையாகக் கொண்ட கப்பலுக்கு அதைவிடப் பெரிய நஷ்டம் கிடையாது.

பேட்டரித் தீ என்றால் என்ன என்பதை இந்தப் படை பட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறது. 1988-ல் போன்ஃபிஷ் என்ற டீசல் நீர்மூழ்கியின் பேட்டரிப் பகுதியில் தீப்பிடித்து மூன்று மாலுமிகள் இறந்தார்கள். 2008-ல் பேர்ல் ஹார்பரில், சிறப்புப் படையினரை ஏற்றிச் செல்லும் ஒரு குட்டி நீர்மூழ்கியின் லித்தியம் அயான் பேட்டரிகள் சார்ஜ் ஏறும்போது பற்றிக்கொண்டன. இவை இரண்டும் கப்பலையே ஓட்டும் பெரிய பேட்டரிகள். விரலளவு பேட்டரியோடு ஒப்பிட முடியாது என்பது உண்மை. ஆனாலும் அந்தப் பெரிய பேட்டரிக்குச் சோதனை, காவல், பதிவேடு எல்லாம் உண்டு. பாக்கெட்டில் இருப்பதற்கு எதுவும் கிடையாது.

அடுத்தது காற்று. "புகையே இல்லை, வெறும் ஆவிதான்" என்ற வாதத்தை அடிக்கடி கேட்கிறோம். வெளிவருவது நீராவி அல்ல. புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிகோடின், வாசனைப் பொருட்கள் கலந்த நுண்துளிகள். சூடேறும்போது ஃபார்மால்டிஹைடும் அக்ரோலினும் உண்டாகலாம். சிகரெட் புகையைவிட இதில் நச்சு குறைவு என்பதை மறுக்கவில்லை. ஆனால் கரையில் வேலை செய்பவர் எட்டு மணி நேரம் கழித்து வீட்டுக்குப் போய் வேறு காற்றைச் சுவாசிக்கிறார். நீர்மூழ்கியில் அதே காற்றுதான் இரவும் பகலும் சுற்றுகிறது. அதனால்தான் 2007-ல் அமெரிக்க தேசிய ஆய்வுக் குழு நீர்மூழ்கிகளுக்கான வாயு வரம்புகளைத் தந்தபோது, 1 மணி, 24 மணி அளவுகளோடு 90 நாள் தொடர்ந்து சுவாசித்தால் எவ்வளவு தாங்கலாம் என்றும் தனியாக வகுத்தது. ஃபார்மால்டிஹைடும் அக்ரோலினும் அந்தப் பட்டியலில் உள்ளவைதான்.

கப்பலுக்குள் தண்ணீரை மின்னாற்பகுத்து ஆக்சிஜன் எடுக்கிறார்கள். கார்பன் டை ஆக்சைடை அமீன் கரைசல் உறிஞ்சுகிறது. கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் சூடான வினையூக்கி எரிக்கிறது, மற்ற பல ஆவிகளைக் கரி வடிகட்டி பிடிக்கிறது. இந்த ஏற்பாடு தெரிந்த கழிவுகளுக்காகக் கணக்குப் போட்டுச் செய்தது. அதனால் பெயின்ட், பசை, ஸ்ப்ரே டப்பா என்று உள்ளே போகும் ஒவ்வொரு பொருளுக்கும் கட்டுப்பாடு உண்டு. கடையில் வாங்கிய, உள்ளே என்ன வாசனைப் பொருள் என்று சரியாகத் தெரியாத ஒரு திரவத்தை மட்டும் இதற்கு விலக்காகக் கேட்பது நியாயமில்லை.

மீறினால், சட்டபூர்வமான உத்தரவுக்குக் கீழ்ப்படியாத குற்றமாக ராணுவ நீதிச் சட்டத்தின் 92-வது பிரிவு பாயலாம். சிறிய மீறல்களை, நீதிமன்றத்துக்கு அனுப்பாமல், 15-வது பிரிவின் கீழ் கேப்டனே விசாரித்துத் தண்டிக்க முடியும்.

இனி நிகோடின் பழக்கம் உள்ளவருக்கு உள்ள உரிமை. தடை போட்டவர்கள் வழியும் வைத்திருக்கிறார்கள், ஆனால் அதைக் கரையில் இருக்கும்போதே பயன்படுத்த வேண்டும். ட்ரைகேர் என்ற ராணுவ மருத்துவக் காப்பீட்டில், பழக்கத்தை விடுவதற்கான பேட்ச், சூயிங்கம், மாத்திரை ஆகியவை ராணுவ மருந்தகத்தில் கட்டணமில்லாமல் கிடைக்கின்றன. ஆலோசனையும் உண்டு. கடையில் சீட்டில்லாமல் விற்கும் பேட்சுக்குக்கூட இங்கே மருத்துவரின் சீட்டு வேண்டும், இதை மறந்துவிடாதீர்கள். நிகோடின் நிறுத்தியபின் எரிச்சலும் தூக்கமின்மையும் முதல் இரண்டு மூன்று நாட்களில்தான் உச்சத்தில் இருக்கும், சில வாரங்களில் தணியும். அந்த உச்சம், கப்பல் மூழ்கி முதல் காவல்முறை பார்க்கும் நாட்களில் வந்து விழக் கூடாது. புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பே தொடங்குவது நல்லது. நீர்மூழ்கியில் டாக்டர் இருப்பதில்லை. தனியாகப் பணியாற்றப் பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர் ஒருவர்தான் இருப்பார். புறப்படும் முன் அவரிடம் நேராகப் போய், எவ்வளவு நாளைய பழக்கம், தினம் எவ்வளவு என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

2017-ல் விதி அமலானபோது ஏற்கனவே கடலில் இருந்த கப்பல்களுக்கு, அடுத்த துறைமுகம் வரை அவகாசம் கேட்கும் வழி இருந்தது. அதுவரை பேட்டரியைக் கழற்றி, மின்சாரம் கடத்தாத உறையிலோ பிளாஸ்டிக் பையிலோ தனியாக வைக்கச் சொன்னார்கள். இன்றைக்கும் பையின் அடியில் ஒன்று கிடப்பதைக் கப்பலில் ஏறிய பிறகு கண்டுபிடித்தால், ஒளித்து வைக்காமல் மேலதிகாரியிடம் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள்.