கொழுப்பை வடிகட்டியாச்சு என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள்

போன வாரம் ஆவடியிலிருந்து ஒரு அப்பா வந்தார். செல்போனை நீட்டி, "பாருங்க டாக்டர், எல்டிஎல் 150-க்கு வந்துடுச்சு. ரத்தம் சுத்தமாயிடுச்சேன்னு மாத்திரைய நிறுத்திட்டோம்" என்றார். பக்கத்தில் 19 வயது மகன். முழங்கையிலும் விரல் முட்டிகளிலும் கொழுப்பு படிந்த மஞ்சள் கட்டிகள். அந்த ரிப்போர்ட், ரத்தத்தை வெளியே எடுத்து, எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பை மெஷினில் வடிகட்டி, திருப்பி ஏற்றி முடித்த அன்றே எடுத்தது. வடிகட்டும் முன் 480. நான் மறுபடி பார்த்தபோது 510. இடையில் 16 நாள்தான். இந்த வருடம் இப்படி வந்த மூன்றாவது குடும்பம் இது.

மொட்டை மாடித் தண்ணீர் டேங்கைக் கழுவுவது போல நினைத்துக்கொள்கிறார்கள், ஒரு தடவை கழுவினால் ஆறு மாதம் கவலையில்லை என்று. கொழுப்பு வெளியிலிருந்து வந்து படிந்த அழுக்கு இல்லை. அதை அனுப்புவதும் கல்லீரல், திரும்ப இழுத்துக்கொள்வதும் பெரும்பாலும் கல்லீரல்தான். பரம்பரையாகவே எல்டிஎல் மிக அதிகமாக உள்ள இந்தப் பிள்ளைகளுக்கு, கல்லீரலில் எல்டிஎல்லைப் பிடித்து இழுத்துக்கொள்ளும் ஏற்பி என்ற புரதம் பிறவியிலேயே பழுது. மெஷின் அந்தப் பழுதைத் தொடுவதே இல்லை. ஒரு தடவையில் எல்டிஎல் 60–70 சதவீதம் இறங்கும். உடனே ஏறத் தொடங்கி, இரண்டு வாரத்தில் கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே வந்துவிடும். வாரம் அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நாங்கள் வரச் சொல்வது அதனால்தான்.

"ரத்தம் கெட்டியா இருக்கு, இலேசாக்குங்க" என்பது இன்னொன்று. கெட்டித்தன்மையில் பெரிய பங்கு சிவப்பணுக்களுக்கு. அவற்றை நாங்கள் அப்படியே திருப்பி ஏற்றிவிடுகிறோம். வடிகட்டியில் எல்டிஎல்லோடு சேர்ந்து மாட்டுவது ஃபைப்ரினோஜன். சிவப்பணுக்களைக் காசு அடுக்கியது போல ஒட்டவைக்கும் நீளமான புரதம் அது. அது குறைந்ததும் ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மா இளகும், அணுக்கள் பிரிந்து நுண்குழாய்களில் சுலபமாக நகரும். உண்மையான பலன்தான். ஆனால் சில நாட்களிலேயே கல்லீரல் அதையும் நிரப்பிவிடும். வருடக்கணக்கில் மிஞ்சுவது, இந்த ஏற்ற இறக்கத்தில் எல்டிஎல்லின் சராசரி எவ்வளவு கீழே இருந்தது என்பதுதான். விடாமல் வந்தால், மாத்திரையும் சேர்ந்தால் மட்டுமே அது இறங்கும்.

குழாயில் ஓடும் பிளாஸ்மாவைப் பார்த்து, "தெளிவாத்தானே இருக்கு, கொழுப்பைக் காணோமே" என்பவர்களும் உண்டு. பால் போலக் கலக்குவது ட்ரைகிளிசரைடு என்ற வேறு வகைக் கொழுப்பு. எல்டிஎல் எவ்வளவு ஏறினாலும் பிளாஸ்மா தெளிவாகவே இருக்கும். கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

வடிகட்டிய மறுநாளே பல் பிடுங்கப் போகாதீர்கள், ரத்தம் உறைய ஃபைப்ரினோஜன் வேண்டும். பிரஷருக்கு ராமிப்ரில், எனலாப்ரில் சாப்பிடுகிறவர்கள் முன்பே சொல்லுங்கள். சில வகை மெஷின்களில் அது சேர்ந்தால் பிரஷர் ஆபத்தாக இறங்கும். அடுத்த ரிப்போர்ட்டை வடிகட்டும் முன்னும் எடுங்கள், பின்னும் எடுங்கள். 160, 170 எல்டிஎல்லோடு "ஒரு தடவை கழுவிவிடுங்க" என்று கேட்டு வருகிறவர்களுக்கு இந்த சிகிச்சை வேண்டவே வேண்டாம்.

அந்தப் பையனின் அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். இரண்டு பக்கமிருந்தும் ஒரே பழுது வந்திருக்கிறது. அவனுக்கு 11 வயதில் ஒரு தங்கை. நாலில் ஒரு பங்கு வாய்ப்பு அவளுக்கும் உண்டு. இதுவரை ஒரு தடவைகூட ரத்தம் பார்த்ததில்லையாம். நாளைக்கே கூட்டி வாங்க, சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.