முள் எண்ணுவது சுற்றையா, பொறியையா?

மருமகனின் 100 சீசீ பைக்குக்கு ஆர்.பி.எம். மீட்டர் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை தடவை சுற்றுகிறது என்று காட்டுவது) பூட்டிய அன்று, நோர்வூட்டில் அவன் வீட்டு வாசலில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு மணித்தியாலம் குழம்பிப்போய் நின்றோம். சாவியைத் திருப்பினால் மீட்டரில் லைட் எரிகிறது, ஸ்டார்ட் பண்ணினால் முள் எழும்புகிறது. ஆனால் ஐட்லிங்கில், அதாவது அக்சிலேட்டரைத் திருகாமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, 2,800 காட்டுகிறது. பைக்கின் கையேட்டில் இருப்பதோ 1,400. "ஸ்லோ கூடிப்போச்சு போல மாமா" என்று அவன் ஸ்க்ரூவைக் குறைத்துக்கொண்டே வந்தான். முள் 2,000க்கு இறங்கும்போது இன்ஜின் திணறி நின்றுவிட்டது. முதலில் காதுக்குக் கேட்ட ஓட்டம் சரியானதுதான். பிழை மீட்டரின் கணக்கில் இருந்தது.

இன்ஜின் எத்தனை தடவை சுற்றுகிறது என்று இந்த மீட்டருக்கு நேரடியாகத் தெரியாது. பழைய பைக்குகளில் இன்ஜினிலிருந்து ஒரு கேபிள் மீட்டருக்குள் போய் ஒரு காந்தத்தைச் சுழற்றும். அந்தக் காந்தம் பக்கத்தில் உள்ள அலுமினியக் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கி முள்ளை இழுக்கும். அங்கே சுற்று நேராக முள்ளுக்கு வந்து சேர்ந்தது. இன்று கடையில் வாங்கிப் பூட்டும் மீட்டர் பிளக்கில் பாயும் தீப்பொறியை மட்டும் எண்ணுகிறது. தப்பு மேளம் அடிப்பவரைப் பார்க்காமல், மலைக்கு இந்தப் பக்கம் நின்று அடியை மட்டும் கேட்டு வேகத்தைச் சொல்வது மாதிரி. இரண்டு அடிக்கு நடுவே உள்ள நேரத்தை அளந்தால் போதும். சுற்றுக்கு ஒரு பொறி என்றால் 1,400 ஆர்.பி.எம்.மில் அந்த இடைவெளி சுமார் 43 மில்லி செக்கன். 6,000த்தில் வெறும் 10.

ஆனால், ஒரு சுற்றுக்கு எத்தனை பொறி? ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் பெட்ரோலை எரிக்கிறது. அப்படியானால் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி என்றுதான் யாரும் நினைப்பார்கள். எங்கள் மீட்டரும் அப்படித்தான் செட் ஆகியிருந்தது. உண்மையில் பெரும்பாலான ஒற்றை சிலிண்டர் பைக்குகளில் பொறிக்கு நேரம் குறிப்பது, இன்ஜினோடு சுற்றும் மெக்னட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன பிக்கப் கொயில். பிஸ்டன் சுழற்றும் கிராங்க் தண்டோடு மெக்னட்டும் சேர்ந்து சுற்றுவதால், பிஸ்டன் மேலே வரும் ஒவ்வொரு தடவையும் அது சைகை கொடுக்கும். மேலே வந்தது பெட்ரோலை எரிக்கவா, புகையைத் தள்ளவா என்று பிரித்துப் பார்க்க அதற்கு வழியில்லை. அதனால் புகை வெளியேறும் நேரத்திலும் ஒரு பொறி வீணாகப் பாய்கிறது. இன்ஜினுக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. மீட்டருக்குத்தான் கணக்கு இரட்டிப்பாகிறது: நிமிடத்துக்கு 1,400 பொறியைக் கண்டதும், ஒரு பொறிக்கு இரண்டு சுற்று என்று வைத்து 2,800 என்று காட்டிவிட்டது. செட்டிங்கைச் சுற்றுக்கு ஒரு பொறி என்று மாற்றினோம். ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குத் திருப்பினோம். முள் 1,400இல் வந்து நின்றது.

வயரிங்கில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சாவி போட்ட பிறகு மட்டும் 12 வோல்ட் வரும் வயரில் சிவப்பு, பாடியில் கறுப்பு, சிவப்பு வயரின் நடுவில் 1 அம்பியர் பியூஸ். நேராக பெட்டரியில் கொடுத்தால் நின்ற இடத்திலேயே பெட்டரி இறங்கும். ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: நிறத்தை நம்பாதீர்கள். ஹொண்டா பைக்குகளில் எர்த் பச்சை. கறுப்பு, சாவி போட்டதும் கரண்ட் வரும் வயர். மீட்டரின் கறுப்பை பைக்கின் கறுப்போடு முடிச்சுப் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். டெஸ்டர் பல்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்ப்பதுதான் சரி.

சிக்னல் வயர் கொஞ்சம் நுணுக்கம். சீ.டீ.ஐ. (மின்சாரத்தைச் சேர்த்துவைத்து ஒரேயடியாக விட்டுப் பொறியை உண்டாக்கும் பெட்டி) உள்ள பைக்கில், பிளக்குக்கு மின்சாரம் அனுப்பும் கொயிலின் முதல் கம்பிச்சுருளுக்கே சில நூறு வோல்ட் அடிக்கும். கொயில் அதைப் பல ஆயிரம் வோல்ட்டாக ஏற்றித்தான் பிளக்குக்கு அனுப்புகிறது. அந்த முதல் கம்பிச்சுருளில் நேராக இணைக்கலாம் என்று மீட்டரின் தாளில் இருந்தால் மட்டும் இணையுங்கள். இல்லாவிட்டால் சிக்னல் வயரை, உறையை உரிக்காமல், பிளக் வயரின் மேல் நாலைந்து சுற்று சுற்றி டேப் ஒட்டிவிடலாம். தாமிரம் தாமிரத்தைத் தொடாது. பொறி பாயும் கணத்தில் பிளக் வயரைச் சுற்றி எழும் மின்புலம் போதும், சிக்னல் வயரில் ஒரு சின்ன துடிப்பு வரும். வயரைச் சுற்றிய சுற்று குறைந்தால் முள் இடையிடையே விழும். கூடினால், பொறிக்குப் பின்னால் வரும் அதிர்வையும் சேர்த்து எண்ணி முள் துள்ளும். அப்போது ஒரு சுற்றை அவிழ்த்துப் பாருங்கள். அப்படியும் துள்ளினால் பிளக்கைப் பாருங்கள், ரெசிஸ்டர் உள்ள பிளக் அந்த மின் அதிர்வை நன்றாக அடக்கும். இரண்டு பிளக் உள்ள இன்ஜின் என்றால் ஒன்றில் மட்டும் சுற்றினால் போதும்.

டேங்க்குக்கு அடியில் வயரை ஓட்டி முடித்ததும் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள், எங்கேயும் இழுபடக் கூடாது. நம் ஊர் மழைக்கும் பனிக்கும் வெறும் டேப் மட்டும் தாங்காது. முடிச்சு போட்ட இடத்துக்கெல்லாம் சூட்டில் சுருங்கும் குழாய் போட்டுவிடுங்கள்.

சரி, 100 சீசீ பைக்குக்கு இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மலைநாட்டில்தான் இது மிகவும் தேவை என்பேன். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்குதான், கார்புரேட்டர் பைக் அந்த அளவுக்குச் சோர்ந்துபோகும். ஏற்றத்தில் முள் விழத் தொடங்கும்போதே கியரைக் குறைத்தால் இன்ஜின் திணறாமல் ஏறும்.

இறக்கம் வேறு கதை. றம்பொடையில் மூன்றாவது கியரில் 5,000த்தில் இறங்கும்போது இரண்டாவதுக்கு மாற்றினால், அதே வேகத்தில் முள் 7,000 பக்கம் பாயும். அந்த நேரத்தில் இன்ஜினைச் சுற்றுவது பெட்ரோல் இல்லை, பின்சக்கரம். அதனால் பொறியை வெட்டி வேகத்தைக் கட்டுப்படுத்தும் லிமிட்டரால் அங்கே ஒன்றும் செய்ய முடியாது. அளவு மீறினால் வால்வு ஸ்பிரிங், வால்வை நேரத்துக்கு மூட முடியாமல் பின்தங்கிப்போகும். அதற்கு முன்னால் நிறுத்துவது ஓட்டுபவரின் கண்ணும் காலும்தான்.

2022 பெட்ரோல் தட்டுப்பாட்டில், கியூ.ஆர். குறியீட்டைக் காட்டி பைக்குக்கு வாரத்துக்கு 4 லீற்றர் மட்டும் கிடைத்த காலத்தில் நியூட்ரலில் இறங்கும் பழக்கம் எங்கள் பக்கத்துப் பையன்களுக்குத் தொற்றிக்கொண்டது. மருமகனும் அப்படித்தான் இறங்குவான். மீட்டர் பூட்டிய பிறகு அவனைப் பின்னால் உட்காரவைத்து கினிகத்தேனை பக்கம் இறக்கத்தில் கூட்டிப்போனேன். இரண்டாவது கியரில் முள் 4,500இல் நின்றது, பிரேக்கைத் தொடவே தேவைப்படவில்லை. பிறகு ஒரு நேரான துண்டில் நியூட்ரலுக்கு மாற்றினேன். முள் 1,400க்கு விழுந்தது, பைக் வேகம் பிடித்தது. "இப்ப பைக்கைப் பிடிச்சிருக்கிறது யாரு?" என்று கேட்டேன். தோளில் இருந்த அவன் கை இறுகியது. "கியரைப் போடுங்க மாமா" என்றான்.