பீனாலஜி: தமிழில் என்ன சொல்லலாம்?

பெங்களூரு அல்சூரில் எங்கள் வாசலில் ஒரு புங்க மரம் நிற்கிறது. ஒன்பதாவது படிக்கும் மகள் வாரம் ஒருமுறை அதை அண்ணாந்து பார்த்து, தளிர், முற்றல், மொட்டு, பூ, காய் என்று கட்டம் போட்ட தாளில் டிக் அடிக்கிறாள். தாளின் தலைப்பு 'பீனாலஜி'. "அப்பா, இதுக்குத் தமிழ்ல என்ன?"

'ஃபைனோ' என்றால் கிரேக்கத்தில் காட்டுதல், தோன்றச் செய்தல். அதை வைத்து 1849-ல் பெல்ஜியத் தாவரவியலாளர் சார்ல் மோரன் இந்தச் சொல்லை உருவாக்கினார். மரம் என்றைக்குத் துளிர்த்தது, என்றைக்குப் பூத்தது, வலசைப் பறவை என்றைக்கு வந்து இறங்கியது என்று தேதி குறித்து, வெயில் மழையோடு பொருத்திப் பார்க்கும் படிப்பு.

சொல்லுக்குச் சொல் 'தோற்றவியல்' என்று வைத்தால் அழகு நிலையப் பாடம் மாதிரி ஒலிக்கிறது. என் ஓட்டு 'பருவவியல்' பக்கம். மழைக்கும் பருவம், கதிர் விடவும் பருவம். காலத்தையும் வளர்ச்சிப் படியையும் ஒரே சொல்லில் சொல்கிறோம். குறுந்தொகை 66-இல், கார்காலத்தில் வருவேன் என்ற தலைவன் வரவில்லை. தோழி, வம்ப மாரியை, அதாவது பருவம் தப்பிய மழையை, கார் என்று நம்பிப் பூத்துவிட்ட கொன்றையை மடத்தனமானது என்கிறாள். தலைவியைத் தேற்ற அவள் சொன்ன சாக்கு அது! கொன்றையின் கணக்கு சரிதான், தலைவன்தான் லேட்.

இப்போது மலை மரங்களின் கணக்கே மாறுகிறது. மேலே ஏற ஏறக் குளிர் கூடும், துளிர் தள்ளிப்போகும். சுவிட்சர்லாந்து ஆல்ப்ஸில் 1960-ல் 1000 மீட்டர் ஏறினால் இலை விரிய 34 நாள் பிந்தியது. 2016-ல் அது 22 நாளாகச் சுருங்கிவிட்டது. வெப்பம் கூடியதால் உயரத்து மரங்கள் வெகுவாக முந்திக்கொண்டன. அடிவாரத்து மரங்களோ அந்த அளவுக்கு முந்தவில்லை. அந்த ஊர் மரங்களின் மொட்டு உறக்கம் கலைய முதலில் போதிய குளிர் பட வேண்டும், அப்புறம்தான் வெப்பம். குளிர்காலமே இதமாகிவிட்டால் அந்த முதல் பாதி முடிய நாளாகும். சரி, முந்தித் துளிர்த்தால் லாபம்தானே என்றால், அதிலும் ஆபத்து இருக்கிறது: பிந்தி ஒரு இரவு உறைபனி இறங்கினால் இளந்தளிர் அத்தனையும் கருகிவிடும்.

மகள் தலைப்புக்குப் பக்கத்தில் 'பருவவியல்' என்று எழுதிக்கொண்டாள். மரத்தின் பெயர்க் கட்டத்தில் மட்டும் புங்கத்தின் கன்னடப் பெயர், 'ஹொங்கே'. மிஸ்ஸுக்குப் புரிய வேண்டுமே.