ரம், ஷெர்ரி, டானிக்: கோப்பைக்குள் யார் யாரை அடக்குகிறார்கள்?

ரம்மில் டானிக் வாட்டரை (கசப்பும் இனிப்பும் சேர்ந்த ஒரு சோடா) ஊற்றிக் குடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஜின்னோடு ஒட்டுவது போல அது ரம்மோடு ஒட்டுவதில்லை. கரும்புப்பாகு வாசனை ஒரு பக்கம் நிற்கும், கசப்பு இன்னொரு பக்கம் நிற்கும், நடுவில் டானிக்கின் சர்க்கரை வேறு திகட்டும். அதில் கொஞ்சம் ட்ரை ஷெர்ரி, அதாவது இனிப்பில்லாத ஸ்பானிய ஒயின், சேர்ந்ததும் இந்தச் சண்டை அடங்கிவிடுகிறது. ஷெர்ரி புதிதாக ஒரு ருசியைச் சேர்ப்பதால்தான் இப்படி என்று தோன்றும். அதுவும் உண்டுதான், ஆனால் அதன் பெரிய வேலை குறைப்பது.

அளவு எளிது: ரம் 45 மி.லி., ஷெர்ரி 30 மி.லி., டானிக் 100 மி.லி., கோப்பை நிறைய ஐஸ், எலுமிச்சைத் தோல் ஒரு கீற்று. இனி ஒவ்வொன்றும் உள்ளே என்ன செய்கிறது என்று பார்க்கலாம்.

டானிக்கிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் மூன்றில் அதிகம் ஏமாற்றுவது அதுதான். அதன் கசப்பு குயினைனிலிருந்து வருகிறது. சிங்கோனா மரப்பட்டையிலிருந்து 1820-ல் பெல்லத்தியே, கவந்தூ என்ற இரண்டு பிரெஞ்சு வேதியியலாளர்கள் பிரித்தெடுத்த பொருள், மலேரியாவுக்கு நெடுங்காலம் மருந்தாக இருந்தது. டானிக்கில் இருப்பது மருந்து அளவை விட மிகக் குறைவு. அமெரிக்க விதிப்படி லிட்டருக்கு 83 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. அவ்வளவு கொஞ்சமே நாக்குக்குப் போதும், காரணம் மனித நாக்கில் கசப்புக்கென்று சுமார் 25 வகை ஏற்பிகள் இருக்கின்றன, குயினைன் அவற்றில் பலவற்றை ஒரே நேரத்தில் தட்டி எழுப்புகிறது.

இப்போது பாட்டில் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். பல டானிக்குகளில் 100 மி.லி.க்கு 8, 9 கிராம் சர்க்கரை இருக்கும், கோலாவை விடக் கொஞ்சம்தான் குறைவு. ஆனால் குடிக்கும்போது அந்த இனிப்பு தெரிவதே இல்லையே? நாக்கின் செல்லில் இனிப்பு ஏற்பி தூண்டப்பட்டால், அந்தச் செய்தி நரம்புக்குப் போக, டி.ஆர்.பி.எம்.5 என்ற அயனி வாயில் ஒன்று திறக்க வேண்டும். குயினைன் அந்த வாயிலையே அடைக்கிறது என்று 2008-ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அதாவது கசப்பு என்பது இனிப்பின் மேல் போர்த்திய போர்வை மட்டுமல்ல, இனிப்பின் செய்தி கிளம்பும் இடத்திலேயே அதை மடக்குகிறது. பதிலுக்குச் சர்க்கரையும் கசப்பை மட்டுப்படுத்துகிறது. டானிக் என்பது இந்த இரண்டுக்கும் இடையிலான சமரசம், அதனால்தான் அதில் இன்னொரு இனிப்பான பொருளை ஊற்றினால் சமரசம் உடனே குலைகிறது.

ரம்மில் அதுதான் நடக்கிறது. வடித்தெடுத்த ரம்மில் சர்க்கரை கிடையாது (பாட்டிலில் அடைக்கும் முன் சிலர் சேர்ப்பது வேறு கதை), ஆனால் அதன் வாசனை முழுக்க இனிப்பைச் சொல்லும். நொதிக்கும்போது உருவாகும் எஸ்டர்கள் அன்னாசி, வாழைப்பழ வாசனை தரும்; ஓக் பீப்பாயிலிருந்து வெனிலின் இறங்கும். மூளைக்கு வெனிலா வாசனை வந்தால் நாக்கில் உள்ளதையும் இன்னும் இனிப்பாகத்தான் கணக்கிடும்.

சரி, ஷெர்ரி. ஷெர்ரி என்றாலே கேக்கில் ஊற்றும் இனிப்பு ஒயின் என்ற எண்ணம் பரவலாக உண்டு. ஸ்பெயினின் ஆந்தலூசியாவில், ஹெரெஸ் நகரைச் சுற்றிச் செய்யப்படும் ஃபினோ வகை அதற்கு நேர் எதிர், அதில் சர்க்கரை கிட்டத்தட்ட கிடையாது. பலோமினோ திராட்சை ஒயினில் ஸ்பிரிட் சேர்த்து ஆல்கஹாலை 15 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, 600 லிட்டர் பீப்பாயில் 500 லிட்டர் மட்டும் நிரப்பி, மேலே காற்றுக்கு இடம் விடுகிறார்கள். அந்த மேற்பரப்பில் வெள்ளையாக, சுருக்கம் விழுந்த பாலாடை போல ஓர் ஈஸ்ட் படலம் படர்கிறது. இதற்குப் பெயர் ஃப்ளோர். அது ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்வதால் கீழே உள்ள ஒயின் பழுப்பாகாமல் வெளிறிய நிறத்திலேயே இருக்கிறது. அதற்குச் சாப்பாடு ஒயினில் உள்ள ஆல்கஹாலும் கிளிசராலும். ஒயினுக்கு வாயில் ஒரு வழவழப்பு தருவது கிளிசரால்தான், ஃப்ளோர் அதை ஏறக்குறைய காலி செய்துவிடும். மிச்சம் விடுவது அசிட்டால்டிஹைடு: பச்சை ஆப்பிளும் பாதாமும் கலந்த மாதிரி ஒரு வாசனை. பல வருடம் ஓர் உயிர் உட்கார்ந்து இனிமையை எல்லாம் தின்று தீர்த்த ஒயினைத்தான் நாம் 30 மி.லி. ஊற்றுகிறோம், அது சேர்ந்ததும் திகட்டல் குறைவதில் ஆச்சரியம் என்ன?

ஆல்கஹாலை 17 சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் ஃப்ளோர் பிழைக்காது. அப்போது ஒயின் காற்றோடு நேரடியாக உறவாடி, பழுப்பேறி, ஒலரோசோ என்ற இன்னொரு ஷெர்ரி வகை ஆகிறது. இதில் சோட்டோலோன் என்று ஒரு மூலக்கூறு சேர்கிறது; வெந்தயத்தின் வாசனைக்கு முக்கியக் காரணமும் அதுவே. சுத்திகரிக்காத கரும்புச் சர்க்கரையிலும், நாள்பட்ட ரம்மிலும் அதே மூலக்கூறு உண்டு. அதனால் வெள்ளை ரம்முக்கு ஃபினோ, பீப்பாயில் வருடக்கணக்கில் கிடந்த ரம்முக்கு ஒலரோசோ என்பது வெறும் சம்பிரதாயம் இல்லை. என்னைக் கேட்டால் நடுவில் நிற்கும் அமோந்தில்யாடோதான் சிறந்தது. அது முதலில் ஃப்ளோருக்கு அடியில் வளர்ந்து, பிறகு காற்றில் முதிர்வது, இரண்டு குணமும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும்.

அப்புறம் ஐஸ். வீட்டில் செய்யும்போது பெரும்பாலும் கெடுவது இங்கேதான். ஐஸ் குளிர்விப்பது முக்கியமாக உருகுவதால், ஒரு கிராம் உருக 334 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். ரம், ஷெர்ரி, டானிக் மூன்றும் 25 டிகிரியில் இருந்தால் அவற்றைப் பூஜ்ஜியத்தை ஒட்டிக் கொண்டுவர 50 கிராமுக்கு மேல் ஐஸ் உருக வேண்டும், அதாவது கோப்பையில் இன்னொரு 50 மி.லி. தண்ணீர். மூன்றையும் ஃப்ரிட்ஜில் 5 டிகிரிக்கு வைத்து எடுத்தால் 11 கிராம் போதும். ஐஸை நிறையப் போட்டால் பானம் தண்ணியாகிவிடும் என்று இரண்டே கட்டி போடுகிறவர்கள் உண்டு, உண்மையில் நடப்பது தலைகீழ். ஃப்ரீசரிலிருந்து வரும் ஐஸ் மைனஸ் 18 டிகிரியில் இருக்கும், அது பூஜ்ஜியத்துக்கு ஏறும் வரை உருகாமலேயே குளிர்விக்கும். ஐஸ் எவ்வளவு அதிகமோ அவ்வளவு இலவசக் குளிர்ச்சி.

டானிக்கின் நுரை நிற்பதற்கும் குளிர்தான் தேவை. பூஜ்ஜியம் டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 1.7 லிட்டர் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்து வைத்திருக்கும், 20 டிகிரியில் அதில் பாதிதான். குமிழிக்குப் பிறக்க ஒரு சொரசொரப்பான இடமும் வேண்டும், புதிதாக எடுத்த ஐஸில் அது ஏராளம். அதனால் ரம்மையும் ஷெர்ரியையும் முதலில் ஊற்றி ஐஸ் நனையும்படி கலக்கிவிட்டு, கடைசியாகத்தான் டானிக், அதுவும் கோப்பையைச் சாய்த்து ஓரமாக. பிறகு ஒரே ஒரு தடவை கரண்டியை அடியிலிருந்து தூக்கினால் போதும். குடிக்கும்போது நாக்கில் ஏறும் அந்தச் சுரீர் வெறும் குமிழி வெடிப்பதால் வருவதில்லை, நாக்கில் உள்ள ஒரு நொதி கார்பன் டை ஆக்சைடை அமிலமாக மாற்றுவதால் வருகிறது. மலையேறுபவர்கள் சாப்பிடும் அசெட்டசோலமைடு மாத்திரை அந்த நொதியைத் தடுப்பதால், அவர்களுக்கு சோடா குமிழி இருந்தும் சப்பென்று இருக்கும்.

எலுமிச்சைத் தோலை மேலே முறுக்கிப் பிழிந்தால் எண்ணெய் துளித்துளியாகத் தெறிப்பது வெளிச்சத்தில் தெரியும், அது மூக்குக்கு. கசப்பு இன்னும் தூக்கலாக இருந்தால் சர்க்கரை வேண்டாம், இரண்டு சொட்டு உப்புத் தண்ணீர் விடுங்கள். சோடியம் கசப்பை நேரடியாக மட்டுப்படுத்தும். இதில் ஒரு வேடிக்கை: டானிக்கைப் புற ஊதா விளக்கில் காட்டினால் குயினைன் நீலமாக ஒளிரும், தனிக் கோப்பையில் அதை எடுத்து ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் ஒளி மங்கிவிடும். ஒளியை அணைப்பது குளோரைடு, கசப்பை அடக்குவது சோடியம். ஒரே உப்பு, இரண்டு வேலை, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

இவ்வளவும் சேர்ந்து உருவாகும் பானத்தில் ஆல்கஹால் 12 சதவீதத்தை ஒட்டி இருக்கும், ஒயின் அளவு. ஆனால் குளிரும் குமிழியும் அதை மறைத்துவிடும். ஒரு கோப்பையில் 18 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது, அமெரிக்கக் கணக்கில் ஒரு நிலையான டிரிங்க் என்பதே 14 கிராம்தான். குயினைன் ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைத் தொடவே கூடாது.

மிச்சமான ஷெர்ரியை ரம் பாட்டிலோடு அலமாரியில் வைத்துவிடாதீர்கள். ஃபினோவைக் காத்துவந்த ஃப்ளோர் பாட்டிலில் இல்லை, திறந்ததும் காற்று வேலையைத் தொடங்கிவிடும், ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடிப்பது நல்லது. ஒலரோசோ ஏற்கெனவே காற்றில் ஊறியது, சில வாரம் தாங்கும்.