நியாயப்பிரமாணம்: சொல் விளக்கம்

இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஒரு குடும்பம் சனிக்கிழமை வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டது. பைபிளிலுள்ள நியாயப்பிரமாணத்தின்படி சனிக்கிழமைதான் ஓய்வுநாள் என்று யூடியூபில் கேட்டிருக்கிறார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வராவிட்டால் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், கிடையாது. ஆக, சம்பளத்தில் கை வைக்கிற விஷயம் இது. இதைப் பற்றிப் பேச்சு வந்த ஒரு வீட்டு ஜெபத்தில், லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், இருக்கும் பாட்டி ஒருவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, நியாயப்பிரமாணம்னா என்னய்யா, கோர்ட்டு சட்டமா?"

பாட்டியின் காதைக் குறை சொல்ல முடியாது. நியாயம், பிரமாணம் இரண்டும் வடசொற்கள். நியாயம் என்றதும் தலைவர் வீட்டில் நியாயம் கேட்கப் போனது நினைவுக்கு வரும். பிரமாணம் என்றால் அளவுகோல், சான்று. பேச்சு வழக்கில் சத்தியம் செய்வது. இரண்டையும் ஒட்டினால் நீதிமன்ற வாடை அடிக்கத்தான் செய்யும்.

மூலச்சொல்லில் அந்த வாடை கிடையாது. எபிரேயத்தில் 'தோரா'. எய்தல், சுட்டிக்காட்டுதல், கற்பித்தல் என்ற பொருள்கள் அதன் வேரில் இருக்கின்றன. கை நீட்டி வழி காட்டுவதுதான் தோரா. பைபிளின் தொடக்கத்திலுள்ள மோசேயின் ஐந்து நூல்களுக்கும் அதுவே பெயர். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் அதைக் கிரேக்கத்தில் பெயர்க்கத் தொடங்கியபோது 'நோமோஸ்' என்று வைத்தார்கள். அது வழக்கம், சட்டம் என்று பொருள்படும் சொல். அப்போஸ்தலன் பவுல் தன் நிருபங்களை எழுதியதும் கிரேக்கத்தில், அதே சொல்லை வைத்துத்தான். வழிகாட்டல் சட்டமாக இறுகிய இடம் இது.

நம் பழைய தமிழ் பைபிள் மொழிபெயர்ப்பு ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. யோசுவா 1:8இல் தோரா 'நியாயப்பிரமாணம்'. முதலாம் சங்கீதத்தில் அதுவே 'வேதம்': கர்த்தருடைய வேதத்தில் பிரியமாயிருக்கிற மனுஷன். நீதிமொழிகள் 1:8இல் 'போதகம்': உன் தாயின் போதகத்தைத் தள்ளாதே. அங்கேயும் எபிரேயத்தில் தோராதான், தாயின் தோரா. பழைய ஆட்கள் கிறிஸ்தவர்களை 'வேதக்காரர்' என்பார்கள். முதலாம் சங்கீதத்தின் கணக்கில் அதற்கு 'தோராக்காரர்' என்று பொருள். கோயில் திருவிழாவுக்குக் காசு சேர்க்க வருகிற பக்கத்து லயத்து அண்ணனுக்கு இது தெரிய வாய்ப்பில்லை!

1995இல் வந்த திருவிவிலியம் என்ற புதிய மொழிபெயர்ப்பு 'திருச்சட்டம்' என்கிறது. சட்டம் நல்ல தமிழ்தான், ஆனால் இன்னும் கோர்ட்டைவிட்டு வெளியே வரவில்லை. ஐந்து நூல்களைச் சொல்லும்போது 'தோரா' என்றே எழுதலாம், கருத்தைச் சொல்லும்போது 'நெறி' எனலாம் என்பது என் எண்ணம். வழி, ஒழுக்கம் இரண்டும் அந்த ஒரு சொல்லில் அடங்கும். பாட்டிக்குச் சொல்வதாக இருந்தால் 'போதகம்' போதும். போதகர் சொல்வது போதகம், அவ்வளவுதான்.

'கற்பனை'யையும் சொல்லிவிட வேண்டும். பத்துக் கற்பனை என்றால் பத்துக் கட்டளை. இன்றைய பிள்ளைகளுக்கோ கற்பனை என்றால் கதை கட்டுவது. "என் கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள்" என்ற வசனத்தை ஞாயிறு பள்ளியில் வாசித்தால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? தோராவின் கட்டளைகள் 613 என்பது யூத மரபின் கணக்கு.

'ஓய்வுநாள்' மட்டும் அச்சாக விழுந்த சொல். எபிரேயத்தில் அந்த நாளின் பெயர் சபாத்து. சபாத்து என்றால் நிறுத்துதல். ஓய்தலும் அதுதான். மழை ஓய்ந்தது என்கிறோமே, அந்த ஓய்தல். படுத்துக் கிடப்பது என்ற பொருள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

சரி, கிறிஸ்தவர் இதையெல்லாம் கைக்கொள்ள வேண்டுமா? கேள்வி புதிதல்ல. முதல் நூற்றாண்டின் நடுவிலேயே அப்போஸ்தலர்கள் எருசலேமில் கூடிப் பேசினார்கள். யூதரல்லாத விசுவாசிகளுக்கு விருத்தசேதனம் (நுனித்தோல் நீக்கும் சடங்கு) தேவையில்லை என்றார்கள். விக்கிரகத்துக்குப் படைத்தது, இரத்தம், நெரிக்கப்பட்டுச் செத்தது, வேசித்தனம் ஆகிய நான்கை மட்டும் விலக்கச் சொன்னார்கள் (அப்போஸ்தலர் 15). முனியாண்டிக்குக் கிடா வெட்டிய மறுநாள் பக்கத்து வீட்டிலிருந்து கறி வரும்போது தோட்டத்து வேதக்காரர்கள் எதிர்கொள்வது இந்த நான்கில் முதலாவதைத்தான். பண்டிகைகளும் சனிக்கிழமையும் அந்தப் பட்டியலில் இல்லை.

"அழிக்கிறதற்கு அல்ல, நிறைவேற்றுகிறதற்கே வந்தேன்" என்று இயேசு சொன்னதைச் சனிக்கிழமைக்காரர்கள் எடுத்துக் காட்டுவார்கள். நியாயமான வாதம். ஆனால் கலாத்தியர் 3:24இல் பவுல் நியாயப்பிரமாணத்தை 'உபாத்தி' என்கிறார். கிரேக்கத்தில் அது பையனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிற வீட்டு வேலையாளைக் குறிக்கும். பள்ளி வாசல் வரைதான் அவன் வேலை. இன்னொன்று, லேவியராகமம் 23இன் பண்டிகைகள் பலியோடும் கானான் நாட்டு அறுவடையோடும் பின்னிக் கிடக்கின்றன. கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் இடிந்ததோடு பலிகள் நின்றுபோயின. எழுதியபடியே செய்வது இன்று யூதர்களுக்கே முடியாது. பெந்தெகொஸ்தே என்ற பெயரே அந்தப் பண்டிகைப் பட்டியலிலிருந்து வந்தது, ஐம்பதாம் நாள் பண்டிகை. அந்தப் பெயரில் சபை நடத்துகிறவர்கள் அந்த நாளுக்குரிய இரண்டு அப்பங்களோடு போவதில்லையே.

ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன்தான் ஓய்வுநாளை மாற்றினான் என்பது அரைகுறைத் தகவல். 321இல் அவன் ஞாயிறைப் பொது ஓய்வாக்கியது உண்மை. ஆனால் வாரத்தின் முதல் நாளான ஞாயிறில் அப்பம் பிட்கக் கூடியது அப்போஸ்தலர் 20:7லேயே இருக்கிறது. கிழமை மாற்றம் நமக்கும் புதிதல்ல. 1966 முதல் 1971 வரை இலங்கையில் வார விடுமுறை ஞாயிறிலிருந்து, நிலவின் நிலையை வைத்து வரும் பௌத்தர்களின் போயா நாளுக்குப் போயிருந்தது. அந்த ஆண்டுகளில் ஞாயிறு வேலைநாளானது, ஆராதனை நின்றுவிடவில்லை.

அந்தக் குடும்பம் இப்போதும் சனிக்கிழமை பெரட்டுக்கு வருவதில்லை. ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறான், இன்னொருவன் எல்லா நாளையும் ஒன்றாக எண்ணுகிறான், அவனவன் தன் மனதில் நிச்சயமாயிருக்கட்டும் என்கிறது ரோமர் 14:5. அதை வைத்துப் பார்த்தால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகிற எதிர் லயத்தாரை, கடவுளின் எதிரிக்கு அடையாளமான மிருகத்தின் முத்திரை வாங்கியவர்கள் என்று சொல்லாதவரைக்கும்.