ரிசர்வ் டிரைவர் சீட் வாங்கித் தர்றேன்னு யாராவது வந்தா கொஞ்சம் நில்லுங்க

சமீபத்துல மறுபடியும் ஒரு அப்பா போன் பண்ணார். பையன் கார்ட்டிங்ல (சின்னப் பசங்க ரேஸ் பழகுற குட்டி வண்டி) நல்லா ஓட்டுறான், அதுல சந்தேகமே இல்ல. யாரோ ஒரு ஏஜென்ட் "ஃபார்முலா ஒன் ரிசர்வ் டிரைவர் புரோகிராம்"னு (ரேஸ் ஓட்டுறவருக்கு முடியாமப் போனா ஏத்துறதுக்கு டீம் தயாரா வச்சிருக்கிற ஆள்தான் ரிசர்வ்) தலைப்பு போட்டு ஒரு அக்ரிமென்ட் அனுப்பியிருக்கான், வீட்டை அடமானம் வச்சு பணம் கட்டலாமானு என்கிட்ட கேக்குறார். "ரெட் புல் டீமே ரெண்டு ரேஸ் முடிஞ்சதும் ஒருத்தனைத் தூக்கிட்டு இன்னொருத்தனைப் போட்டுட்டாங்களே கோச், அப்போ சீட்டு எப்ப வேணா காலியாகும்ல, நம்மாளு ரெடியா நின்னா போதும்ல?"

எத்தனை பேருக்குத்தான் இதே பதிலைச் சொல்றது. டிரைவர்களுக்கு டிரெய்னிங் குடுக்குறதுதான் என் பொழப்பு, அதனால ஒரே தடவையா எழுதிடுறேன், இனிமே யார் கேட்டாலும் இதையே அனுப்பிடலாம்.

முதல்ல அந்த ரெட் புல் கதை. 2025ல லியாம் லாசன் ஆஸ்திரேலியா, சீனா ரெண்டு ரேஸ் ஓட்டினார், தகுதிச்சுற்றுல (ரேஸ்ல யார் எந்த இடத்துல இருந்து கிளம்பணும்னு முடிவு பண்ற சுற்று) பின்னாடியே நின்னார், ஜப்பான் ரேஸ்ல இருந்து அந்த சீட்டுல யூகி சுனோடா. இதுல நம்ம ஆளுங்க கவனிக்காத விஷயம், சுனோடா தெருவுல நின்னவர் இல்ல. அதே கம்பெனியோட இன்னொரு டீம்ல 2021ல இருந்து முழுசா 4 சீசன் ஓட்டினவர். லாசனும் ரெட் புல் வளர்த்த பையன்தான், அதுக்கு முன்னாடி 11 ரேஸ் ஓட்டியிருந்தார். 2019ல பியர் காஸ்லியை எடுத்துட்டு அலெக்ஸ் ஆல்பனைப் போட்டதும் இதே மாதிரி வீட்டுக்குள்ள நடந்த மாத்தம்தான். வெளியாளுக்கு அங்க கதவே திறக்கல.

இப்ப எனக்கு ரொம்பக் கடுப்பேத்துற நம்பிக்கைக்கு வர்றேன். "வேகமா ஓட்டுறவன் எந்தக் கார்ல ஏத்தினாலும் வேகமாத்தான் ஓட்டுவான், அதனால இருக்குறதுலயே வேகமானவனைத் தூக்கி உக்கார வச்சா வேலை முடிஞ்சது." இதைப் படிச்சவங்களும் சொல்றாங்க, டிவி முன்னாடி உக்காந்து மார்க் போடுறவங்களும் சொல்றாங்க, ஏஜென்ட்டுங்க இதை வச்சுத்தான் வியாபாரமே பண்றாங்க.

2009ஐ எடுத்துக்கோங்க. ஹங்கேரி தகுதிச்சுற்றுல இன்னொரு டீம் டிரைவர் பாரிகெல்லோ கார்ல இருந்து கழண்டு விழுந்த ஸ்பிரிங் ஃபெராரி டிரைவர் ஃபெலிப்பே மாஸா ஹெல்மெட்ல அடிச்சு அவருக்கு மோசமான காயம். ஃபெராரிக்கு உடனே ஒரு ஆள் வேணும். ஓய்வுல இருந்த அவங்க பழைய சாம்பியன் ஷூமாக்கர் திரும்பி வர்றதா இருந்தார், பைக் விபத்துல அடிபட்ட கழுத்து ஒத்துழைக்கல. சரினு தங்களோட டெஸ்ட் டிரைவர் லூகா படோயரை உக்கார வச்சாங்க. ஃபெராரி கார்ல வருஷக்கணக்கா டெஸ்ட் ஓட்டினவர், அந்த டீமை அவர் அளவுக்குத் தெரிஞ்சவங்க குறைவு. ஆனா கடைசியா ரேஸ் ஓட்டினது 1999ல. அதோட அந்த வருஷம் சீசன் நடுவுல டெஸ்ட் பண்ணவே தடை வந்திருச்சு, புதுக் கார்ல கை பழக வழியே இல்ல. வலென்சியா, ஸ்பா ரெண்டுலயும் கடைசி இடத்துல இருந்து கிளம்பினார். ஸ்பாவுல ரைக்கோனன் ஃபெராரியில ஜெயிச்சார், படோயர் அதே ஃபெராரியில ரேஸை முடிச்சவங்கள்ல கடைசி ஆளா 14வதா வந்தார். பத்திரிகைக்காரங்க பாவம் அந்த மனுஷனைக் கிழிச்சுத் தொங்கவிட்டாங்க.

இங்கதான் கதையே. அதே ஸ்பாவுல போல் பொசிஷன் (தகுதிச்சுற்றுல முதல் இடம்) எடுத்தது ஃபோர்ஸ் இந்தியா ஓட்டின ஜியான்கார்லோ ஃபிசிகெல்லா. ரேஸ்ல ரெண்டாவது, ரைக்கோனனை விட ஒரு செகண்டுக்கும் கம்மி வித்தியாசம். "ஆஹா, இவன்தான்யா ஆளு"னு ஃபெராரி அடுத்த ரேஸுக்கே அவரைக் கூட்டிட்டு வந்திருச்சு. மோன்ஸாவுல இருந்து சீசன் முடியுற வரை 5 ரேஸ். எத்தனை பாயின்ட் எடுத்தார் தெரியுமா? சைபர். ரெண்டு வாரத்துல ஃபிசிகெல்லாவுக்கு ஓட்டுறது மறந்து போச்சா என்ன?

கால் பழகின பிரேக்னு ஒண்ணு இருக்கு. ஃபெராரியில அந்த வருஷம் கெர்ஸ்னு ஒரு கருவி இருந்துச்சு, பிரேக் அடிக்கிறப்போ பின்சக்கரத்துல இருந்து பவரை உறிஞ்சி பேட்டரியில சேர்க்கும். ஃபோர்ஸ் இந்தியாவுல அது கிடையாது. அதனால பிரேக் மிதிக்கிறப்போ காரோட பின்பக்கம் நடந்துக்கிற விதமே வேற. முன்னூறு கிலோமீட்டர் வேகத்துல வந்து நூறு கிலோவுக்கு மேல அழுத்தம் குடுத்து மிதிக்கிறப்போ கார் என்ன பண்ணும்னு மூளை யோசிக்கக் கூடாது, காலுக்கே தெரிஞ்சிருக்கணும். யோசிச்சாலே போச்சு, ரெண்டு மூணு மீட்டர் முன்னாடியே மிதிப்பான், ஒவ்வொரு வளைவுலயும் அது சேர்ந்து சேர்ந்து ஒரு லேப்புக்கு அரை செகண்ட், முக்கால் செகண்ட்னு போயிரும், நம்ம கண்ணுக்கு "சொதப்புறான்"னு தெரியும். அடுத்தவங்க பவர் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு பஸ் நம்பர் படிக்கிற கதைதான், கண்ணுல ஒரு குறையும் இருக்காது.

அதுலயும் டாப் டீம் கார் பெரும்பாலும் நம்பர் ஒன் டிரைவருக்குப் பிடிச்ச பக்கமே சாஞ்சு வளரும். ரெட் புல்லோட வெர்ஸ்டப்பனுக்கு முன்பக்கம் கத்தி மாதிரி திரும்பணும், பின்பக்கம் கொஞ்சம் ஆடினா அவருக்குக் கவலை இல்ல. அதே டீமோட இன்னொரு கார்ல வர்றவன் அந்த ஆட்டத்தையும் சமாளிச்சு ஓட்டணும். காஸ்லி அங்க இருந்து கீழ எறக்கப்பட்டவர்தான், அடுத்த வருஷமே, 2020ல, சின்ன டீம் கார்ல மோன்ஸாவை ஜெயிச்சார். இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்.

அதனால டீம் முதலாளிங்க கேக்குற கேள்வி "யார் வேகம்"ங்கிறது மட்டும் கிடையாது. எங்க எஞ்சின், எங்க ஸ்டியரிங், எங்க சிமுலேட்டர் யாருக்குப் பழக்கம்? வெள்ளிக்கிழமை கூப்பிட்டா சனிக்கிழமை யார் வந்து நிப்பான்? சொன்னா கேப்பானா? 1999ல ஷூமாக்கர் சில்வர்ஸ்டோன்ல கால் உடைஞ்சப்போ ஃபெராரியில மிக்கா சாலோவைக் கூப்பிட்டாங்க, ஏன்னா டீமோட இன்னொரு டிரைவர் எட்டி எர்வைனுக்கு சாம்பியன்ஷிப் வாய்ப்பு இருந்துச்சு, கூட ஓட ஒரு ஆள் வேணும். ஹாக்கன்ஹைம் ரேஸ்ல முதல் இடத்துல ஓடின சாலோ எர்வைனுக்கு வழி விட்டு ரெண்டாவதா முடிச்சார். அவர் ஒரு ஃபார்முலா ஒன் ரேஸ்கூட ஜெயிச்சதில்ல, அதுக்கு அவ்ளோ கிட்ட போனது அன்னைக்குத்தான். (படோயர் அப்பவே ஃபெராரி டெஸ்ட் டிரைவர், அவரை அப்ப கூப்பிடல. இந்தத் தொழில் இப்படித்தான்.)

"ரிசர்வ்"ங்கிற பட்டத்தை வச்சு ஏமாறாதீங்கனு சொல்றது இதனாலதான். 2020 சாகிர் ரேஸுக்கு மெர்சிடிஸ் டிரைவர் ஹாமில்டனுக்கு கோவிட். மெர்சிடிஸுக்கு அதிகாரபூர்வ ரிசர்வா ஸ்டோஃபல் வான்டோர்ன் இருந்தார். கூப்பிட்டது வில்லியம்ஸ்ல ஓட்டிக்கிட்டிருந்த ஜார்ஜ் ரஸ்ஸலை. அந்த வருஷம் பூரா ரேஸ் ஓட்டிக்கிட்டிருக்கிறவர், மெர்சிடிஸ் வளர்த்த பையன், அவங்க காரை முன்னாடியே டெஸ்ட் பண்ணினவர். அவர் உயரத்துக்கு ஹாமில்டன் காக்பிட் பத்தல, பெடல் கிட்ட கால் இடிச்சதால ஒரு சைஸ் சின்ன ஷூ போட்டுக்கிட்டு ஓட்டினார். தகுதிச்சுற்றுல டீமோட இன்னொரு டிரைவர் போட்டாஸை விட 0.026 செகண்ட்தான் பின்தங்கினார், ரேஸ்ல முன்னாடி ஓடினார், டீம் டயரை மாத்திப் போட்டுக் குழப்பி, அப்புறம் பஞ்சரும் ஆகி 9வதா முடிச்சார்.

2024 ஜெத்தால ஆலிவர் பேர்மேன், வயசு 18. ஃபெராரி டிரைவர் சைன்ஸுக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன். பேர்மேனுக்குக் கிடைச்ச பிராக்டிஸ் ஒரே ஒரு மணி நேரம், ரேஸ்ல 7வது இடம். "பாருங்க, சின்னப் பையன், லக்கு"ங்கிறாங்க. என்ன லக்கு? அந்த வாரம் அதே டிராக்ல ஃபார்முலா 2 (ஃபார்முலா ஒன்னுக்கு ஒரு படி கீழ) ரேஸுக்குப் போல் எடுத்து வச்சிருந்தான், ஃபெராரி ரிசர்வ் ஒப்பந்தம் இருந்துச்சு, முந்தின வருஷமே ஹாஸ் டீம் கார்ல வெள்ளிக்கிழமை பிராக்டிஸ் ஓட்டியிருந்தான், சூப்பர் லைசென்ஸ் கையில இருந்துச்சு.

சூப்பர் லைசென்ஸ், அதாவது ஃபார்முலா ஒன் ரேஸ் ஓட்டக் கட்டாயம் வேணுங்கிற லைசென்ஸ். இந்த வார்த்தை அந்த அக்ரிமென்ட்ல எங்கயாவது இருக்கானு ஒவ்வொரு பக்கமா தேடினேன், இல்லவே இல்ல. கட்டின பணம் எந்தக் காரணத்துக்காகவும் திருப்பித் தரப்படாதுனு மட்டும் தடிச்ச எழுத்துல இருந்துச்சு. கேட்டுக்கோங்க: 3 சீசன்ல 40 பாயின்ட் வேணும், பொதுவா வயசு 18 ஆகணும், ஃபார்முலா ஒன் கார்ல 300 கிலோமீட்டர் ஓட்டியிருக்கணும். ஃபார்முலா 2ல முதல் 3 இடத்துக்குள்ள வந்தா 40 மொத்தமா கிடைக்கும், கார்ட்டிங்குக்கு அடுத்த படியான ஃபார்முலா 4 சாம்பியனுக்கே 12தான். உங்க பையன்கிட்ட இருக்குற கார்ட்டிங் கோப்பைகளை மட்டும் வச்சு எந்த டீமும் ரேஸ் அன்னைக்கு அவனைக் கார்ல ஏத்த முடியாது, டீம் ஆசைப்பட்டாலும் சட்டம் விடாது.

சின்ன டீம்கள்ல பணம் பேசும், மறுக்கல. நம்ம நரேன் கார்த்திகேயனையே 2011ல ஹெச்ஆர்டி டீம் நடு சீசன்ல எறக்கிட்டு, ரெட் புல் சப்போர்ட்டோட வந்த ரிக்கியார்டோவை ஏத்தினாங்க. ஆனா நரேனும் சரி ரிக்கியார்டோவும் சரி, கீழ இருந்து எல்லாப் படியும் ஏறி லைசென்ஸ் வாங்கிட்டு வந்தவங்க.

ஏஜென்ட் வந்தா இதெல்லாம் எழுத்துல கேளுங்க: எந்த டீம், எந்த வருஷக் கார், எத்தனை கிலோமீட்டர், டீம் லெட்டர்ஹெட்ல யார் கையெழுத்து. வாய்ல சொன்னா காதுல வாங்காதீங்க. டீமுக்கு நேரா மெயில் போடுங்க, வெக்கப்பட வேணாம். வக்கீல்கிட்ட காட்டாம கையெழுத்துப் போடாதீங்க, "நாளைக்குள்ள சொல்லணும், இன்னொரு பையன் லைன்ல இருக்கான்"னா போனை வச்சிருங்க. அம்மாமாரே, அப்பாமாரே, வீட்டுப் பத்திரத்தை மட்டும் தயவுசெஞ்சு வெளிய எடுக்காதீங்க. செலவு பண்ணத் தெம்பு இருந்தா பையனை ஃபார்முலா 4ல கூடுதல் நாள் ஓட விடுங்க. பத்தாங்கிளாஸையும் முடிக்க விடுங்க.

பையனுக்கும் ஒரு வேலை இருக்கு. கழுத்துக்கு எக்சர்சைஸ் தினமும். அப்புறம் சொந்தக் கார்ட்டையே கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருக்காம மாசத்துக்கு ஒரு தடவையாவது இன்னொருத்தன் கார்ட்ல, அவன் சீட்ல, அவன் வச்ச பிரேக் செட்டிங்லயே, ஒண்ணையும் மாத்தாம ஓட்டச் சொல்லுங்க. பெஸ்ட் லேப் என்னனு பாக்காதீங்க, முதல் நாலு லேப் என்ன டைம்னு பாருங்க. டீம்காரங்க அதைத்தான் பாப்பாங்க.