கஃபே ரேசரைத் தமிழில் எப்படிச் சொல்வது?

கஃபே ரேசர்: பெயர்ச்சொல். சாலையில் ஓடும் சாதாரண மோட்டார் சைக்கிளின் கைப்பிடியைத் தாழ்த்தி, கால்மிதியைப் பின்னுக்குத் தள்ளி, ஒருவர் மட்டும் அமரும் திமில் சீட் போட்டு, பந்தய வண்டியைப் போலக் குனிந்து ஓட்டும்படி மாற்றியமைத்த வண்டி. ஓட்டுபவருக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். முதலில் இந்தப் பெயரைத் தாங்கியது ஆள். வண்டிக்கு அது பிறகு ஒட்டிக்கொண்டது.

சொல்லின் முதல் பாதி நீண்ட பயணம் வந்தது. அரபியில் கஹ்வா, துருக்கியில் கஹ்வே, இத்தாலி வழியாகப் பிரெஞ்சுக்குப் போய்க் கஃபே. நம் காபியும் இந்த வேரில் கிளைத்ததுதான். பிரெஞ்சில் பானத்தின் பெயரே அதை விற்கும் கடைக்கும் ஆனது. இங்கிலாந்தில் நெடுஞ்சாலை ஓரத்தில் லாரி ஓட்டுநர்களுக்காக இரவிலும் திறந்திருந்த எளிய உணவுக்கடைகளும் கஃபேதான். உழைக்கும் மக்கள் வாயில் அது ‘காஃப்’ என்று சுருங்கியது. மெத்தை நாற்காலியும் மெல்லிய விளக்கும் உள்ள காபிக்கடையை இங்கே நினைத்தால் சொல்லின் மணமே மாறிவிடும். இரண்டாம் பாதியான ‘ரேஸ்’ பழைய வடஜெர்மானிய மொழியின் ‘ராஸ்’ என்பதிலிருந்து வந்தது. பொருள், ஓட்டம்.

இரண்டும் சேர்ந்தது 1950-களிலும் 60-களிலும் லண்டனைச் சுற்றிய சாலைகளில். வட சுற்றுச்சாலையில் இருந்த ஏஸ் கஃபே அதில் பெயர்போனது. 1938-இல் திறந்து, போரில் குண்டுவீச்சில் இடிந்து, 1949-இல் மறுபடி எழுந்து, 1969-இல் மூடி, 2001-இல் மீண்டும் திறந்த கடை அது. இளைஞர்கள் ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்கு வண்டியை விரட்டினார்கள். மணிக்கு 100 மைல், அதாவது சுமார் 160 கி.மீ. தொடுவதுதான் பெருமை. பேச்சுவழக்கில் நூறுக்கு ‘டன்’ என்று பெயர் இருந்ததால் இவர்களுக்கு ‘டன்-அப் பாய்ஸ்’ என்றும் பெயர் வந்தது. பாட்டுப்பெட்டியில் காசு போட்டுவிட்டுக் கிளம்பி, பாட்டு முடிவதற்குள் குறித்த இடத்தைச் சுற்றித் திரும்ப வேண்டும் என்ற போட்டியும் இவர்களைப் பற்றிச் சொல்லப்படுகிறது. மைதானத்தில் பந்தயம் ஓட்டாமல் கடைவாசலில் பந்தய வீரனாக நிற்பவன் என்ற கேலி இந்தப் பெயரில் இருந்தது. கேலியை அவர்களே பெருமையாக எடுத்துக்கொண்டார்கள்.

தமிழில் ‘தேநீரகப் பந்தய வண்டி’, ‘குளம்பியகப் பந்தய ஊர்தி’ என்று சொல்லுக்குச் சொல் வைத்தால் பொருள் புரியும், கேலி போய்விடும். எங்கள் பரிந்துரை ‘கடைப்பந்தய வண்டி’. கடை என்றால் விற்கும் இடம். கடை என்றால் இறுதி, கீழ்நிலை என்றும் பொருள். கடைச்சங்கம், கடையெழு வள்ளல்கள், கடைக்கோடி என்பதில் வரும் கடை அது. ஆங்கிலச் சொல் பிறக்கும்போது இருந்த ஏளனம் தமிழில் தானாகவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. பந்தயமும் பொருத்தமான சொல், போட்டியும் பணயமும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. ஓட்டுபவரைக் ‘கடைப்பந்தயர்’ என்று பிரித்துச் சொல்லலாம்.

கூடவே வரும் ‘கஸ்டம்’ என்ற சொல்லில் கவனம் தேவை. அகராதி பார்த்து ‘வழக்க வண்டி’ என்று எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும். வழக்கத்தில் இல்லாத வண்டியைத்தான் கஸ்டம் என்கிறோம். ஒருவர் கேட்டபடி செய்துகொடுத்தது என்ற பொருளில் வரும் சொல் அது. ‘மாற்றியமைத்த வண்டி’ என்றால் போதும்.

உறுப்புகளின் பெயர்களுக்கு வருவோம். இவற்றில் சொல்லும் வேலையும் ஒன்றோடொன்று பின்னியிருக்கின்றன.

கிளிப்-ஆன்: கவ்வுப்பிடி. ஒரே குழாயாக வளைந்த கைப்பிடிக்குப் பதில், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கவ்வும் இரண்டு குட்டைக் குழாய்கள். கவ்வும் வளையத்தின் உள்விட்டம் குழாயின் விட்டத்தோடு சரியாகப் பொருந்த வேண்டும். 35 மி.மீ. குழாய்க்கு 37 மி.மீ. பிடியை வாங்கி இடையில் தகரம் சொருகி இறுக்குவது ஆபத்து, பிரேக் பிடிக்கும்போது பிடி சுழன்றுவிடும். அளவு சரியாக இருந்தும் போல்ட்டை மிகையாக முறுக்கினால் குழாய் நசுங்கி ஃபோர்க் சிக்கும். மாட்டியபின் கைப்பிடியை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். கட்டைவிரல் டேங்கில் நசுங்கக் கூடாது. எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டும் அதேபோலத் திருப்புங்கள். திருப்பும்போது எஞ்சின் சத்தம் ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். பாதையை மாற்றாமல் வண்டியை வெளியே எடுக்க வேண்டாம். பிடி தாழ்ந்ததால் பழைய கிளட்ச் கேபிள் மிச்சமாகி வளைந்து நிற்கும், குட்டைக் கேபிள் போட வேண்டிவரும். டிஸ்க் பிரேக் என்றால் பிடியில் உள்ள பிரேக் ஆயில் டப்பா சாயாமல் மட்டமாக நிற்க வேண்டும்.

ரியர்-செட்: பின்மிதி. கால்மிதியையும் கியர், பிரேக் நெம்புகோல்களையும் பின்னாலும் மேலேயும் நகர்த்தும் தொகுப்பு. கியர் ஷாஃப்ட்டில் உள்ள சிறு கையையும் பின்மிதி நெம்புகோலையும் ஒரு கம்பி இணைக்கும். அந்தக் கையை மேலுக்குப் பதில் கீழ்நோக்கி மாட்டினால் கியர் வரிசையே தலைகீழாகும். ஓய்வு நிலையில் கம்பிக்கும் கைக்கும் இடையே 90 பாகை இருக்கட்டும். கோணம் கோணலானால் கியர் பாதி விழுந்து நியூட்ரலில் நிற்கும். பின் பிரேக் விளக்கின் ஸ்விட்சை இந்த வேலையில் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அதிகம் நடக்கும் தவறு, கவ்வுப்பிடியை மட்டும் மாட்டிவிட்டுப் பின்மிதியை விட்டுவிடுவது. கை முன்னால் கீழே, கால் பழைய இடத்தில். உடல் நடுவில் மடிந்து பாரமெல்லாம் மணிக்கட்டில் இறங்கும். இரண்டும் சேர்ந்தால்தான் அது உட்காருகை, ஒன்று மட்டும் என்றால் வலி.

ஹம்ப் சீட்: திமில் இருக்கை. காளையின் திமிலைப் போலச் சீட்டின் பின்முனை எழுந்து நிற்பதால் இதற்குத் தமிழ்ச்சொல் தேடவே வேண்டியதில்லை. வேகமெடுக்கும்போது ஓட்டுபவர் பின்னே வழுக்காமல் தாங்குவதுதான் அதன் வேலை. சீட்டுக்காகப் பின்சட்டத்தை வெட்டுபவர்கள் ஷாக் அப்சார்பர் மாட்டும் இடத்துக்குப் பின்னால்தான் வெட்ட வேண்டும். வெட்டுவதற்கு முன் ஷாக்கைக் கழற்றிச் சக்கரத்தை மேலே தூக்கி, டயர் எதுவரை ஏறும் என்று பாருங்கள். இதைச் செய்யாத வண்டிகளில் முதல் பள்ளத்திலேயே டயர் சீட்டின் அடியை உரசும்.

ஓட்டும் தன்மை இந்த மூன்றின் விளைவு. உடலின் பாரம் முன்னே போவதால் முன்சக்கரம் சாலையை அழுத்திப் பிடிக்கும். நீண்ட வேக வளைவுகளில் வண்டி தண்டவாளத்தில் போவதுபோல நிற்கும். மணிக்கு 80, 90 கி.மீ. தாண்டினால் மார்பில் மோதும் காற்றே மேலுடலைத் தாங்கிக்கொள்ளும், மணிக்கட்டு லேசாகும். அதே வண்டி நெரிசலில் வதைக்கும். பிடி குறுகலாக இருப்பதால் மெதுவாகத் திருப்பக் கை பலம் வேண்டும், திருப்பும் கோணமும் குறைந்துவிடும், ஒரே வீச்சில் திரும்ப முடியாது. தொடைகளால் டேங்கை இறுக்கிப் பிடித்து வயிற்றுத் தசையால் உடலைத் தாங்கப் பழகினால் கை விடுதலையாகும்.

பாரம் முன்னே போனதற்கு ஃபோர்க்கின் ஸ்பிரிங்கையும் சரிசெய்ய வேண்டும். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, வெளியே தெரியும் ஃபோர்க் குழாயின் நீளத்தை அளங்கள். பிறகு ஒருவர் வண்டியைப் பிடிக்க, மிதியில் கால் வைத்துக் குனிந்து உட்கார்ந்து மறுபடி அளங்கள். வித்தியாசம் 30 முதல் 35 மி.மீ. இருந்தால் நல்லது. 45 வந்தால் பிரேக் பிடிக்கும்போது வண்டியின் மூக்கு சட்டென்று கீழே தாழும். ஸ்பிரிங்கின் மேல் 10 மி.மீ. துண்டு வைத்தால் பெரும்பாலும் சரியாகும். மூக்கைத் தாழ்த்தும் அழகுக்காக ஃபோர்க் குழாயை, அதைப் பிடித்திருக்கும் தட்டுக்கு மேலே நிறைய ஏற்றுபவர்கள், நேர்ப்பாதையிலும் கைப்பிடி நடுங்குவதை வரவழைத்துக்கொள்கிறார்கள்.

காற்றுப்பெட்டியைக் கழற்றிவிட்டுக் கூம்பு ஃபில்டர் போடுவது தோற்றத்துக்கான வேலை. வெற்றிடத்தால் பிஸ்டன் தூக்கும் கார்புரேட்டர்களில் இதனால் நடு வேகத்தில் எஞ்சின் தொய்ந்துபோகும், ஆக்சிலேட்டரை விடும்போது சைலன்சரில் வெடிச்சத்தம் கேட்கும், பிளக்கின் முனை வெளுத்திருக்கும். மெயின் ஜெட்டை, அதாவது கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் முக்கியத் துளையைப் பெரிதாக்கினாலும் நடு வேகத் தொய்வு எளிதில் போகாது.

சொல்லின் எல்லையைச் சரியாகக் காட்டும் வண்டி டிரைட்டன். டிரையம்ப் நிறுவனத்தின் எஞ்சினும் நார்ட்டன் நிறுவனத்தின் ஃபெதர்பெட் என்ற சட்டகமும் சேர்ந்தது, பெயரும் அப்படியே இரண்டையும் ஒட்டியது. ஒன்றில் இழுவை நன்றாக இருந்தது, இன்னொன்றில் வளைவில் நிற்கும் குணம் இருந்தது, ஆகவே சேர்த்தார்கள். நீக்கிய ஒவ்வொரு பாகமும் எடை குறைக்க நீக்கியது. இன்று அதே தோற்றத்துக்காகக் கட்டம் கட்டமான பழங்காலப் பாணி டயரை மாட்டி, ஈரச்சாலையில் பிடிப்பை இழந்து ஓடும் வண்டிகளுக்கும் இந்தப் பெயரைச் சூட்டுகிறார்கள். அவற்றைக் ‘கஃபே ரேசர் பாணி வண்டி’ என்று எழுதலாம். கடைப்பந்தய வண்டி என்று எழுத வேண்டாம்.